மூன்று மேட்ச், நான்கு பாயிண்ட்: இந்த சென்னையின் எஃப்.சி.யை நம்பலாமா?

நொய்யல்கரை (திருப்பூர்)
13 அக்டோபர் 2024, ஞாயிறு

நேற்று ஃபுட்பாலில் வியட்நாமுக்கு எதிராக இந்தியா 1-1 டிரா. நம் கோலை அடித்தது சென்னையின் எஃப்.சி.யின் ஃபாரூக் சௌத்ரி. காயமும் ஓய்வுமாக இருந்த மனிதர் தேசிய அணிக்குத் திரும்பிவந்து கோல் போட்டதைப் பார்க்கவே மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் நம் சென்னையின் எஃப்.சி.யை நினைத்தால் அந்த நிறைவு வரவில்லை. புவனேஸ்வரில் போய் ஒடிஷாவை 3-2 என்று ஜெயித்தோம். அடுத்து சொந்த மைதானத்தில் கொல்கத்தாவின் முகமதனிடம் 0-1 தோல்வி. ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக்) அவர்களுடைய முதல் வெற்றியே அதுதான். பிறகு ஹைதராபாத்தில் 0-0. முதல் இரண்டு மேட்சையும் தோற்றிருந்த டீமுக்கு எதிராக! மூன்று மேட்ச், நான்கு பாயிண்ட், கடைசி 180 நிமிடத்தில் ஒரு கோல்கூட இல்லை.

சீசன் இப்போதுதானே ஆரம்பம், பொறுங்கள் என்பீர்கள். 2020-21, 2021-22, 2022-23 மூன்று சீசனும் எட்டாம் இடத்தில் முடித்தோம். ஒவ்வொரு முறையும் ஆரம்பத்தில் இதே பேச்சைத்தான் பேசினோம். என் சந்தேகம் பாயிண்டைப் பற்றியதல்ல. இந்த டீம் எப்படி கோல் அடிக்கப் போகிறது என்பது மூன்று மேட்ச் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.


காந்திபுரம் 10 (கோவை)
13 அக்டோபர்

அண்ணா, போன வருடத்தை மறக்காதீங்க. முதல் மூன்று மேட்சும் தோல்வி. ஒடிஷாவிடம் 0-2, நார்த்ஈஸ்டிடம் 0-3, மோகன் பகானிடம் 1-3. அப்போது நான்கு பாயிண்ட் இல்லை, ஒரு பாயிண்டுகூட இல்லை. அதே டீம் கடைசியில் 27 பாயிண்டோடு ஆறாம் இடம் பிடித்து பிளே-ஆஃப் போனது. கோவாவிடம் 1-2 தோற்றோம், சரி. ஆனால் போனோமா இல்லையா?

2019-20 இன்னும் பெரிய உதாரணம். கோச்சாக ஜான் கிரிகரி இருந்த ஆறு மேட்சில் ஒரே ஒரு வெற்றி. டிசம்பரில் நம் கோச் ஓவன் கோயல் வந்தார். மார்ச்சில் நாம் ஃபைனலில் நின்றோம். இந்த மனிதருக்கு டீமைச் செட் பண்ணக் கொஞ்சம் நாள் வேண்டும். கொடுத்தால் செய்து காட்டுவார். இந்த முறை சீசன் தொடங்கும்போதே கூடவே இருக்கிறார், கேட்ட ஆட்களும் வந்திருக்கிறார்கள். வில்மர் ஜோர்டன், சீமா சுக்வு, பிராம்பில்லா, எல்சினோ, கியான் நஸ்ஸிரி, ஹ்னாம்தே, மந்தார் ராவ் தேசாய். இத்தனை புதியவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள மூன்று மேட்ச் போதுமா?


சேலம் ஸ்டீல் (சேலம்)
13 அக்டோபர்

ஹைதராபாத் மேட்சில் கோல் வாங்கவில்லை என்பதை யாரும் பேச மாட்டீர்களா? போன சீசனில் டிஃபன்ஸைத்தானே திட்டிக்கொண்டிருந்தோம்.


காலிங்கராயன் (ஈரோடு)
14 அக்டோபர், திங்கள்

மாவட்ட லீகில் பல வருடம் ரைட் பேக் ஆடியவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒடிஷாவோடு நாம் ஜெயித்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் கோச் லோபேராவின் டீம்கள் பந்தை வைத்துக்கொண்டு மேலே ஏறி ஆடுபவை. ஏறினால் பின்னால் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். பெனால்டியில் டியாகோ மௌரிசியோ முதல் கோல் அடித்தபின் இடைவேளை முடிந்து வந்து ஃபாரூக் அடுத்தடுத்து இரண்டு போட்டார், பிறகு சீமா மூன்றாவது. ஓட இடம் இருந்தது, ஓடினோம், அடித்தோம். கோயலுக்குப் பிடித்த ஆட்டமே அதுதான்: எதிரியின் பாதியிலேயே போய் நெருக்கிப் பந்தைப் பிடுங்குவது, பிடுங்கிய அடுத்த நொடி நேராக கோலை நோக்கிப் போவது. ஜம்ஷெட்பூருக்கு 2021-22-ல் லீக் ஷீல்டு (லீக் சுற்றில் முதலிடத்துக்கான கோப்பை) வாங்கிக் கொடுத்ததும் இதை வைத்துத்தான். அந்த டீமிலும் சீமா இருந்தார்.

பிரச்சினை, நமக்கு யாரும் இடம் கொடுக்காதபோது. முகமதன் முதல் பாதியிலேயே ஃபனாய் மூலம் முன்னிலைக்குப் போனது. அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் நம் கையில் இருந்தது. கானர் ஷீல்ட்ஸ் பொழுதுக்கும் ஓடினார், அவரைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் பந்து விங்குக்குப் போகிறது, அங்கிருந்து கிராஸ் வருகிறது, அவர்கள் தலையால் தள்ளிவிடுகிறார்கள், மறுபடி விங்குக்குப் போகிறது. பாக்ஸுக்கு வெளியே நின்று ஒரு விநாடி பந்தைப் பிடித்து, உள்ளே ஓடுகிறவனைப் பார்த்துக் கொடுக்க ஆள் இல்லை. போன சீசன் வரை அந்த வேலைக்குக் கிரிவெல்லாரோ இருந்தார். வயசாகிவிட்டது, வேகம் குறைந்துவிட்டது என்று நம்மில் பலர் பேசினோம். ஆனால் அந்தக் கால் செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்?

தம்பி 2019-20-ஐச் சொல்கிறார். கோயல் வந்தபோது வல்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி மூவரும் ஏற்கெனவே டீமில் இருந்தார்கள். அவர்களை எப்படி ஆட விடுவது என்று கண்டுபிடித்தார், அது பெரிய விஷயம்தான். இப்போது அந்த இடத்தில் பிராம்பில்லா நின்றால்தான் உண்டு. நின்றால் நானும் நம்புகிறேன். நிற்காவிட்டால் ஸ்ட்ரைக்கரை எத்தனை பேர் மாற்றிப் போட்டாலும் முகமதன் மேட்சையே திரும்பத் திரும்பப் பார்ப்போம்.


காந்திபுரம் 10 (கோவை)
14 அக்டோபர்

நீங்கள் சொல்வது புரியுதுங்ணா. ஆனால் முகமதன் சும்மா பின்னால் கூடி நின்ற டீம் இல்லை. ஐ.எஸ்.எல்.லுக்குக் கீழே இருக்கும் ஐ-லீக்கில் சாம்பியனாகி மேலே வந்தவர்கள், கோவாவை 1-1 என்று பிடித்து நிறுத்திவிட்டுத்தான் சென்னைக்கு வந்தார்கள். "புது டீமிடம் தோற்றோம்" என்று பேசுவது அவர்களுக்கும் நியாயம் இல்லை, நமக்கும் நியாயம் இல்லை.


ஆழியாறு (பொள்ளாச்சி)
14 அக்டோபர்

நீங்கள் எல்லாரும் சென்னை டீமைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கோவை நேரு ஸ்டேடியம்தான் ஞாபகம் வருகிறது.

2017-18 ஐ-லீக்கில், கோவையில் ஆடிய சென்னை சிட்டி எட்டாம் இடம். கீழே விழாமல் தப்பித்ததே பெரிசு. அடுத்த சீசன் 2018 அக்டோபரில் நம் ஊரிலேயே தொடங்கியது. இந்தியன் ஏரோஸுக்கு எதிராக 4-1, பெத்ரோ மான்சி ஹாட்ரிக். அப்போதும் இதே மாதிரிதான் பேசினார்கள்: சின்னப் பையன்கள் டீமை ஜெயித்தது பெரிய விஷயமா, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் வரட்டும் பார்க்கலாம் என்று. வந்தார்கள், பார்த்தோம். 2019 மார்ச் 9 கடைசி நாள், மினர்வாவிடம் ஒரு கோல் பின்தங்கி, மான்சி பெனால்டி போட்டு, டிஃபன்டர் கௌரவ் போரா இரண்டு போட்டு 3-1. நமக்கு 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. இந்தியாவின் லீக் கோப்பையைக் கோவையில் தூக்கினார்கள்! அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

அதனால் சீசன் ஆரம்பத்தில் ஒரு டீமை எழுதித் தள்ளுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2021-க்கு அப்புறம் ஐ-லீக்கில் அந்த டீம் இல்லை. கொங்கு நாட்டில் மேல்மட்ட ஃபுட்பால் பார்க்க வழியே இல்லை. சென்னையின் எஃப்.சி. ஒரே ஒரு ஹோம் மேட்சைக் கோவையில் ஆடினால் என்ன? ஆதரவு மட்டும் நாங்கள் கொடுக்க வேண்டும், மேட்ச் பார்க்க ராத்திரியெல்லாம் ரயிலில் போய்வர வேண்டும் என்றால் எத்தனை பேரால் முடியும்?


நொய்யல்கரை (திருப்பூர்)
14 அக்டோபர்

அக்கா, அந்த மார்ச் 9-ஐ எடுத்தீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது.

என் சந்தேகத்துக்கு வேரே அந்த சென்னை சிட்டிதான். கோச் அக்பர் நவாஸ் கட்டிய டீம் முதல் மேட்சிலேயே தன்னைக் காட்டிவிட்டது. கோல்கீப்பரிடமிருந்து பந்து எப்படி வெளியே வரும், நெஸ்டர் எங்கே இறங்கி வாங்குவார், சாண்ட்ரோ எந்தப் பக்கம் திருப்புவார், மான்சி எந்த டிஃபன்டருக்குப் பின்னால் ஒளிந்து நிற்பார் என்று இரண்டாவது மேட்சுக்குள் கேலரியில் உட்கார்ந்திருந்த பையன்களே சொன்னார்கள். ஜெயிப்பார்களா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் எப்படி ஆடுவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. மான்சி அந்த சீசனில் அடித்த 21 கோலும் அந்த ஒழுங்கிலிருந்து வந்தவை.

சீசன் ஆரம்பத்தில் நான் தேடுவது அதைத்தான். பாயிண்ட் அப்புறம் வரும். கோயலின் டீமில் எனக்கு உழைப்பு தெரிகிறது, ஓட்டம் தெரிகிறது, ரையன் எட்வர்ட்ஸ் பின்னால் நின்று சத்தம் போட்டு ஆட்களை நிறுத்துவது தெரிகிறது. பந்து நம் காலில் இருக்கும்போது என்ன யோசனை என்பது மட்டும் தெரியவில்லை. பாவு சரியாக இழுக்காத தறியில் எவ்வளவு நல்ல நூல் போட்டாலும் துணி கோணித்தான் வரும்.

கோவையில் மேட்ச் வேண்டும் என்பதில் நான் முழுசாக உங்கள் பக்கம். முகமதன் மேட்ச் வியாழக்கிழமை. கோவா மேட்ச் 24-ஆம் தேதி, அதுவும் வியாழன், தீபாவளிக்கு முந்தைய வாரம். பனியன் கம்பெனியில் போனஸ், ஷிப்மென்ட் என்று ஆள் மூச்சுவிட முடியாத நாள். எங்கள் பக்கத்துப் பையன்கள் எப்படி வருவார்கள்?


காந்திபுரம் 10 (கோவை)
15 அக்டோபர், செவ்வாய்

அண்ணா, சென்னை சிட்டி மாதிரி ஆடினால்தான் நல்ல டீம் என்று ஆகிவிடாது. அது ஒரு வழி. 2015-ல் கோச் மடெராஸியின் சென்னையின் டீம் என்ன ஒழுங்கில் ஆடியது? பாதி சீசன் தாண்டி அடிமட்டத்தில் கிடந்தார்கள். கடைசி நான்கு லீக் மேட்சையும் ஜெயித்து மேலே வந்தார்கள். சென்னையில் வெள்ளம், செமி ஃபைனலைப் புனேயில் போய் ஆட வேண்டிவந்தது. ஃபைனலில் கோவாவின் சொந்த மைதானத்திலேயே 3-2. மென்டோசா என்ற ஒருவரின் வேகமும், விடவே கூடாது என்ற வெறியும். அவ்வளவுதான் அந்த டீமின் யோசனை. கப் நம் அலமாரியில் இருக்கிறது.

2017-18 ஃபைனலும் பெங்களூரில், அவர்கள் ரசிகர்கள் நடுவில், சேத்ரி முதல் கோல் அடித்த பிறகு. மெய்ல்சன் ஆல்வெஸ் கார்னரில் தலையால் இரண்டு போட்டார். டிஃபன்டர்! இந்த கிளப் அழகாக ஆடி ஜெயித்ததைவிட அடி வாங்கி எழுந்து ஜெயித்ததுதான் அதிகம். எனக்கு இந்த டீம் பிடித்ததே அதனால்தான். ஃபாரூக்கும் அந்த ரகம், சீமாவும் அந்த ரகம்.


காலிங்கராயன் (ஈரோடு)
15 அக்டோபர்

தம்பி, மென்டோசா அந்த சீசனில் 13 கோல். வெறி மட்டும் இருந்திருந்தால் 13 வராது. அவருக்கு எங்கே பந்து போட்டால் ஓடுவார் என்று நடுவில் ஆடிய எலானோவுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் சொல்லும் ஆல்வெஸின் தலை கோல்களும் தற்செயல் இல்லை. கிரிகரி டீம் கார்னரை அவ்வளவு பழகியிருந்தது. இந்த மூன்று மேட்சில் நம் கார்னர்களைப் பாருங்கள். எட்வர்ட்ஸ், லால்தின்புயா என்று உயரமான ஆட்கள் இருந்தும் ஒன்றும் தேறவில்லை. சர்வதேச இடைவேளையில் கோயல் வேறு எதையும் செய்ய வேண்டாம், கார்னரை மட்டும் பழக்கினாலே போதும் என்று தோன்றுகிறது.

அப்புறம் 13 டீம், 24 மேட்ச், பிளே-ஆஃபுக்கு ஆறு இடம். போன வருடம் 22 மேட்சில் 27 பாயிண்ட் போதுமானதாக இருந்தது. இந்த முறை அது போதாது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இடம் இருக்காது.


சேலம் ஸ்டீல் (சேலம்)
15 அக்டோபர்

வியாழக்கிழமை எதிரே நிற்பது டுராண்ட் கோப்பையில் மோகன் பகானையே கவிழ்த்த நார்த்ஈஸ்ட். மொராக்கோக்காரர் அஜாராயி ஆரம்பத்திலிருந்தே கோல் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர்கள் கோச் பெனாலியின் டீம் ஏறித்தான் ஆடும். காலிங்கராயன் அண்ணன் கணக்குப்படி பார்த்தால் நமக்கு ஓட இடம் கிடைக்கும் மேட்ச் இது. குவாஹாட்டியில் ஜெயிப்போம்.


காலிங்கராயன் (ஈரோடு)
15 அக்டோபர்

ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அஜாராயியை எட்வர்ட்ஸ் ஒருவரே பார்த்துக்கொள்ள முடியாது, முன்னால் ஜிதேந்திராவோ ஹ்னாம்தேயோ இறங்கி நின்று பந்து அவருக்குப் போகாமல் தடுக்க வேண்டும். ஆனால் ஜெயித்தாலும் என் கேள்விக்கு அது பதில் ஆகாது. பதில் 24-ஆம் தேதி சென்னையில்தான் தெரியும். ஹோம் மேட்சில் பந்து நம்மிடம் இருக்கும்போது என்ன செய்கிறோம் என்று அன்றைக்குப் பார்க்கலாம்.


ஆழியாறு (பொள்ளாச்சி)
16 அக்டோபர், புதன்

ஸ்ட்ரைக்கர் யார்? மூன்று மேட்சில் ஃபாரூக்கும் சீமாவும் தவிர யாரும் அடிக்கவில்லை. ஜோர்டன் நார்த்ஈஸ்டுக்கே ஆடியவர், அந்த மைதானம் அவருக்குப் பழக்கம். நாளைக்கு அவரை முதல் நிமிடத்திலிருந்து ஆட விட வேண்டும்.


காந்திபுரம் 10 (கோவை)
16 அக்டோபர்

அக்கா சொல்வதுதான் சரி. ஜோர்டன் முன்னால், ஃபாரூக் இடது பக்கம், ஷீல்ட்ஸ் வலது, பின்னால் பிராம்பில்லா. 2-1 நமக்கு. நாளை ராத்திரி ஏழரைக்கு ஜியோ சினிமாவில் பார்க்கிறேன், கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக் கேட்டாயிற்று.


நொய்யல்கரை (திருப்பூர்)
16 அக்டோபர்

அந்த நால்வரும் ஒன்றாக இறங்கினால் எனக்கும் பார்க்க ஆசைதான் தம்பி. ஒரு முறையாவது நடுவில் பிராம்பில்லா பந்தை வாங்கித் திரும்ப வேண்டும், ஜோர்டன் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். கோல் விழாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்தால் என் சந்தேகம் பாதி குறையும்.

24-ஆம் தேதி கோவா மேட்சுக்கு நானும் கம்பெனியில் இரண்டு பையன்களும் லீவு சொல்லிவிட்டோம். காலையில் கோவை எக்ஸ்பிரஸில் போய், மேட்ச் முடிந்ததும் ராத்திரி சேரனில் திரும்புவதாக யோசனை. ஈரோட்டிலும் சேலத்திலும் ஏறுகிறவர்கள் பெட்டி எண்ணை இங்கேயே போடுங்கள், ஒன்றாக உட்கார்ந்து போவோம்.