செஞ்சூரியனைக் கணினியில் நிறுத்தினால் ரோமானியப் போர் புரியுமா?

கோடுகிறுக்கன்:
புரியும் என்பேன். ஒவ்வொரு வீரனையும் தனித்தனியாகக் கணினிக்குள் நிறுத்துகிறோம். பக்கத்தில் ஒருவன் விழுந்தால் பயம் கூடும், செஞ்சூரியன் (வீரர்களை நேரடியாக நடத்தும் ரோமானியப் படை அதிகாரி) அருகில் இருந்தால் குறையும், அளவு மீறினால் ஓடுவான். விதி அவ்வளவுதான். அப்புறம் செஞ்சூரியனை மட்டும் எடுத்துவிட்டு அதே போரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், வரிசை எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும்.

பழஞ்சுவடி:
சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? செஞ்சூரியனால் பயம் குறையும் என்று நீங்களே எழுதி வைத்துவிட்டு, அவர் இல்லாமல் படை ஓடுவதைக் கண்டுபிடிப்பு என்கிறீர்கள்.

கோடுகிறுக்கன்:
விளைவைச் சோதிக்கலாமே. கி.மு. 52, கோல் நாட்டுக் கோட்டைநகரான கெர்கோவியா. சீசர் கணக்குப்படி 700க்குச் சற்றுக் குறைவான வீரர்களும் 46 செஞ்சூரியன்களும் பலி. கி.மு. 48, பாம்பேயுடன் நடந்த பார்சாலஸ் போரில் 200 வீரர்கள், 30 செஞ்சூரியன்கள். ஏறக்குறைய 80 பேருக்கு ஒரு செஞ்சூரியன் இருந்த படையில் இது மிக அதிகம். செஞ்சூரியன் பின்னால் நின்று அதட்டினார் என்று வைத்து ஓட்டுங்கள். பயத்துக்கு எந்த எண் கொடுத்தாலும் இந்த விகிதம் வராவிட்டால், அந்தக் கருத்தைத் தள்ளிவிடலாம்.

பழஞ்சுவடி:
இரண்டும் சீசரே எழுதிய எண். போகட்டும், கெர்கோவியா மதில் தாக்குதல். லூசியஸ் ஃபேபியஸ் என்ற செஞ்சூரியன், முன்பு பிடித்த அவாரிகம் நகரில் கிடைத்த பரிசை நினைத்து, தனக்கு முன் யாரையும் மதில் ஏற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மூன்று வீரர்கள் தூக்கிவிட ஏறினார். செத்தும் போனார். யாருடைய பயத்தைக் குறைக்க ஏறினார்? பரிசாசைக்கு உங்கள் நிரலில் எந்த வரி?

மைனா:
கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்வதும் இதற்கு நேர்மாறு. துடுக்குக்காரர் வேண்டாம், நெருக்கடியில் இடத்தைவிட்டு அசையாதவரே செஞ்சூரியனாக வேண்டும் என்கிறார்.

கோடுகிறுக்கன்:
அப்படியானால் இரண்டு வகைச் செஞ்சூரியன் வைக்கலாம்.

பழஞ்சுவடி:
கேள்வி வரும்போதெல்லாம் ஒரு விதியைக் கூட்டினால் எந்தப் போரும் பொருந்தும்.

கோடுகிறுக்கன்:
சரி, கூட்டவில்லை. பார்சாலஸுக்குப் பொருந்திய எண்களை அப்படியே வைத்து, கி.மு. 57 சாபிஸ் போரை ஓட்டுகிறேன். பன்னிரண்டாம் லீஜியனின் (பெரும்படைப் பிரிவு) நான்காம் கோஹார்ட்டில் (அதன் உட்பிரிவு) செஞ்சூரியன் எல்லோரும் செத்து, கொடியும் போனது. சீசர் பின்வரிசை வீரன் ஒருவனின் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போக, லீஜியன் தாக்குப்பிடித்தது. என் கணினியில் அந்த லீஜியன் சிதறி ஓடிவிட்டால் மாடல் தப்பு.

பழஞ்சுவடி:
ஓட்டுவதற்கு முன்னால் எண்களை இங்கே போட்டுவிடுங்கள். சீசருக்கு எத்தனை செஞ்சூரியன் மதிப்பு கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து.