லாக்டிக் அமில நொதித்தலில் ஆல்ஜினேட் மணிகள் குழைந்துபோவது ஏன்?

கேள்வி: கிண்டி மாணவி

வணக்கம். சேலத்து ஜவ்வரிசி ஆலையிலிருந்து வாங்கிய மரவள்ளி மாவில் லாக்டிக் அமிலம் தயாரிப்பது என் முதுகலை ஆய்வு. மாவுச்சத்தைத் தானே சிதைக்கவல்ல லாக்டோபாசில்லஸ் அமைலோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் செல்களை, மறுபடி மறுபடி பயன்படுத்துவதற்காக, 2 சதவீத சோடியம் ஆல்ஜினேட்டில் (கால்சியம் பட்டால் கூழாக உறையும் கடற்பாசிப் பொருள்) கலந்து, சிரிஞ்சு வழியே கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டு மணிகளாக்குகிறேன். முதல் தொகுதியில் கெட்டியாக இருக்கும் அந்த மணிகள், அடுத்த தொகுதிக்கு எடுக்கும்போது விரல் பட்டாலே நசுங்குகின்றன; அமிலமும் மணிக்குள் அடைக்காத தனிச் செல்கள் தருவதைவிடக் குறைவு. வளர்ப்பு ஊடகம், லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு வழக்கமாகப் பயன்படும் எம்.ஆர்.எஸ். தான், குளுக்கோசுக்குப் பதிலாக மாவுச்சத்து சேர்த்திருக்கிறேன். உருவாகும் அமிலத்தைச் சமன்செய்யும் காரமாகச் சோடியம் ஹைட்ராக்சைடு. ஆல்ஜினேட் அளவைக் கூட்டலாமா?

பதில் 1: தரமணி ஆய்வாளர்

ஆல்ஜினேட்டின் மேல் குற்றமில்லை. எம்.ஆர்.எஸ். ஊடகத்தில் லிட்டருக்கு 2 கிராம் டைபொட்டாசியம் பாஸ்பேட்டும் 2 கிராம் அம்மோனியம் சிட்ரேட்டும் உண்டு. இரண்டுமே மணியைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்பவை. மணிக்குள் எத்தனை செல்கள் உள்ளன என்று எண்ணுவதற்கு மணியைக் கரைக்க நாம் வேண்டுமென்றே ஊற்றுவதே சிட்ரேட் கரைசலைத்தான்! போதாக்குறைக்கு நீங்கள் சேர்க்கும் சோடியமும் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிட்ரேட்டை விட்டுவிட்டு, பாஸ்பேட்டைக் குறைத்து, காரத்துக்குக் கால்சியம் கார்பனேட்டைப் பயன்படுத்திப் பாருங்கள். ஊடகத்தில் சிறிது கால்சியம் குளோரைடும் இருக்கட்டும். ஆனால் அதைத் தனியே ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) பிறகு சேருங்கள், இல்லாவிட்டால் பாஸ்பேட்டுடன் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும்.

பதில் 2: அம்பத்தூர், நொதித்தல் துறை

மணி குழைவதற்கான காரணம் சரி. அமிலம் குறைவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மாவுச்சத்தின் பெரும்பகுதியான அமைலோபெக்டின் மூலக்கூறு மிகப் பெரியது. ஆல்ஜினேட் கூழின் நுண்துளைகளோ நானோமீட்டர் அளவிலானவை. மாவுச்சத்து உள்ளே போக வழியில்லாததால், செல்கள் சுரக்கும் அமைலேஸ் நொதி மெல்ல வெளியே வந்து அதைச் சிதைத்து, சிறு சர்க்கரைகள் திரும்ப உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஆல்ஜினேட்டைக் கூட்டினால் துளைகள் இன்னும் நெருங்கும் என்பதால் அந்த யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கஞ்சியாகக் காய்ச்சிய மாவை ஆல்பா அமைலேஸ் கொண்டு முதலில் நீர்க்க வைத்துவிட்டு, 2 மில்லிமீட்டருக்கு மிகாத மணிகளைப் போடுங்கள்.

இன்னொன்று: மணிகளை வடித்தெடுத்த பின் மிஞ்சும் நீரை அப்படியே தனியாக வளர்த்து அமிலம் அளந்து பாருங்கள். அதில் நிறைய அமிலம் வந்தால், மணியிலிருந்து கசிந்த செல்கள்தான் வேலை செய்கின்றன. அப்போது மணிகளை மறுபடி பயன்படுத்தி எடுத்த எண்களை ஆய்வேட்டில் எழுத முடியாது.

பதில் 3: மண்டபம்

ஆல்ஜினேட்டுக்குப் பதிலாகக் கப்பா கராஜீனன் என்ற இன்னொரு கடற்பாசிக் கூழ்ப்பொருளையும் யோசியுங்கள். அது பொட்டாசியத்தால் உறைவது; பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் அதை ஒன்றும் செய்யாது. ஜப்பானின் தனாபே சேயாக்கு நிறுவனம் 1973இல் பாலிஅக்ரிலமைடில் அடைத்த ஈ. கோலை செல்களால் அஸ்பார்ட்டிக் அமிலம் தயாரித்தது. பின்னர் அதையே கராஜீனனுக்கு மாற்றிக்கொண்டது. ஒரே தொல்லை, கராஜீனன் உறையாமலிருக்க வெதுவெதுப்பாகவே இருக்க வேண்டும். உங்கள் பாக்டீரியாவோ 45 டிகிரியில் வளராதது. ஆகவே செல்களைக் கடைசியாகக் கலந்து உடனே பொட்டாசியம் குளோரைடில் சொட்டுங்கள்.

கிண்டி மாணவி

நன்றி. வடித்த நீர்ச் சோதனையை முதலில் செய்கிறேன். அதன் முடிவைப் பார்த்துவிட்டே ஊடகத்தை மாற்றுவேன்.