'ராட் டியூப்': தூணியா, குழலா, கூடா?

நண்பர்களே, வணக்கம்.

தூண்டிற்கோல்களை இணையத்தில் விற்பவர்களுக்கான கையேட்டில், கோலை உள்ளே வைத்து அனுப்பும் நீண்ட பெட்டியான 'ராட் டியூப்' என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தூண்டில் தூணி, கோற்குழல், குழாய்ப்பெட்டி. எனக்கு மூன்றிலும் நிறைவில்லை. கோற்கூடு என்று வைக்கலாம் என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகவே காரணம் சொல்கிறேன், ஏனென்றால் கையேட்டைப் படிப்பவர் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்யப் போகிறார்.

> அம்பை வைப்பது தூணி. கோலை வைப்பதும் தூணியாகவே இருக்கட்டுமே, தூண்டிலோடு ஓசையும் ஒத்து வருகிறது.

ஓசை அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் தூணிக்கு வாய் திறந்திருக்கும், நினைத்தவுடன் உருவ வேண்டும் என்பதற்காக அம்பு அதில் தளர்வாக நிற்கும். தொலைவுக்கு அனுப்பும் கோலுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். இரண்டு முனையும் அடைபட்டிருக்க வேண்டும், உள்ளே இருப்பது இம்மியும் அசையக் கூடாது. கார்பன் இழைக் கோல் நீளவாக்கில் நன்றாக வளைந்து கொடுக்கும், ஆனால் அதன் சுவர் மெல்லியது. பக்கவாட்டில் ஓரிடத்தில் அடி பட்டாலோ நசுங்கினாலோ மேல்பூச்சு கலையாமலேயே உள்ளே விரிசல் விட்டுவிடும். வாங்கியவர் கையில் வாங்கிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. அப்புறம் நல்ல மீன் ஒன்று இழுக்கும்போது அந்த இடத்தில் பட்டென்று ஒடியும், கோலே மட்டம் என்று அவர் நினைப்பார்.

அந்த அடி எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறது என்றும் இல்லை. இரண்டு துண்டுக் கோல் என்றால் ஒரு துண்டில் இருக்கும், தூண்டில் நரம்பு ஓடும் உலோக வளையத்தின் கால் மற்ற துண்டின் மேல் வழி முழுக்கத் தட்டிக்கொண்டே வரும். எனக்கு வந்த ஒரு கோலில் நுனித்துண்டின் மேல் அப்படிப் பதிந்த வெள்ளைக் கீறலை நகத்தால் தடவி உணர முடிந்தது, அட்டைக் குழலின் வெளிப்புறத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதனால் துண்டுகளுக்கு நடுவே நுரைத்தாளோ துணியோ கட்டாயம் வேண்டும். மெல்லிய நுனி, தடித்த அடித்துண்டின் முனையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உள்ளடங்கியே இருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டி செங்குத்தாக விழும்போது மோதலை அடித்துண்டு வாங்கிக்கொள்ளும். துண்டுகளை இரண்டு மூன்று இடத்தில் மெத்தென்ற பட்டையால் சேர்த்துக் கட்ட வேண்டும், ஒட்டுநாடாவை நேராகக் கோலின் மேல் ஒட்டினால் பசை லேசில் போகாது. நரம்பு சுற்றியிருக்கும் ரீலைக் கழற்றித் தனியாகச் சுற்றிக் கட்ட வேண்டும். இரண்டு முனையிலும் நுரை அடைத்து, மூடிக்கு உட்புறம் தடித்த அட்டை வட்டு ஒன்று வைத்தால் கோல் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வராது. எல்லாம் முடிந்தபின் தூக்கிக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் கேட்டால் வேலை முடியவில்லை. தூணி என்ற சொல் இந்த எதையும் நினைவூட்டாது.

> கோற்குழல் சுருக்கமாக இருக்கிறது, டியூப் என்பதற்கு நேர்ச்சொல்லும் அதுதான்.

இதில் இரண்டு சிக்கல். கோலே உள்ளீடற்ற குழல்தான், 'பிளாங்க்' என்கிறார்களே, வளையமும் கைப்பிடியும் பூட்டாத வெறுங்கோல், அதற்கு நாளைக்கு ஒரு சொல் தேவைப்படும்போது கோற்குழல்தான் முதலில் வாயில் வரும். அப்புறம் 'கோற்குழலைக் கோற்குழலில் வைத்து' என்று எழுத வேண்டியிருக்கும். இரண்டாவது சிக்கல் பெரியது. குழல் என்றால் உருண்டை. உருண்டையான பெட்டி உருளும், கூரியர் கிடங்கில் நகரும் பட்டையிலிருந்து தப்பிக் கீழே விழும், அடுக்கில் நிற்காது. முக்கோண அட்டைப்பெட்டியும் சதுரப் பெட்டியும் வைத்த இடத்தில் கிடக்கும், நன்றாக அடைத்தால் போதிய வலுவும் இருக்கும். நாம் வைக்கும் சொல்லே உருண்டை வடிவத்தைக் கட்டாயமாக்கிவிட்டால் விற்பவர் முக்கோணப் பெட்டியை நினைத்தே பார்க்க மாட்டார்.

குழாய்ப்பெட்டிக்கும் இதே குறைதான், கூடவே அது பிவிசி குழாயை மட்டும் சுட்டுகிறது. பிவிசி எளிதில் நசுங்காது, நல்லதுதான், ஆனால் எடை கூடும். கொஞ்சம் கணக்கும் பார்க்க வேண்டும். பல கூரியர் சேவைகள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கிலோவையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. 7 அடி ஒற்றைத்துண்டுக் கோலுக்கு 220 × 10 × 10 அளவில் பெட்டி வேண்டும் என்றால் கணக்குப்படி 4.4 கிலோ. அதே கோல் இரண்டு துண்டாக இருந்தால் 115 × 10 × 10 போதும், 2.3 கிலோ. இதுபோக நீளத்துக்கென்றே உச்சவரம்பு வைத்திருப்பவர்களும் உண்டு. ஆக, விலை குறிப்பதற்கு முன்னாலேயே கூட்டின் அளவை அளந்துவிட வேண்டும் என்று கையேட்டில் சேர்க்கலாம்.

இப்போது கூடு. மூக்குக் கண்ணாடியை வைப்பதைக் கண்ணாடிக் கூடு என்கிறோம். உள்ளே இருப்பது நொறுங்கக்கூடியது, வெளியே இருப்பது கெட்டியானது, மூடக்கூடியது, வடிவம் எதுவானாலும் சரி. நமக்கு வேண்டிய பொருள் முழுவதும் அதில் இருக்கிறது. துணியாலான மெல்லிய பைக்கு ('ராட் சாக்') கோலுறை என்று வைத்துக்கொண்டால், முதலில் உறை, பிறகு கூடு என்று கட்டும் வரிசையும் தெளிவாகிவிடும். கூடு என்றதும் பறவைதான் நினைவுக்கு வருகிறது என்று தங்கை ஒருவர் எழுதியிருந்தார். கோல் முன்னால் நிற்கும்போது அந்த மயக்கம் வராது என்று நினைக்கிறேன் அம்மா, எலும்புக்கூட்டில் யாரும் பறவையைத் தேடுவதில்லை.

கோலுக்குப் பதிலாகக் கழை என்ற பரிந்துரையையும் பார்த்தேன். பெரும்பாணாற்றுப்படையில் 'நெடுங்கழைத் தூண்டில்' இருக்கிறது, வலுவான சான்றுதான். ஆனால் கழை மூங்கிலைச் சுட்டும், இன்றைக்கு விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை கார்பனும் கண்ணாடியிழையும். மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்யும் கோல்கள் இன்றும் இருக்கின்றன, கழைக்கோல் என்பதை அவற்றுக்கே ஒதுக்கி வைத்தால் இரண்டையும் குழப்பாமல் எழுதலாம்.

கையேட்டு வாக்கியத்தில் பொருத்திப் பார்த்தேன்: 'கோலைப் பிரித்து, துண்டுகளைக் கோலுறையில் இட்டு, கோற்கூட்டின் இரு முனையையும் நுரையால் அடைக்கவும்.' தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. இதற்கு முன் ஒரு வரி சேர்க்க வேண்டும். வளையங்களுக்குள் இருக்கும் பீங்கான் பகுதியைப் பஞ்சுக்குச்சியால் ஒரு சுற்றுத் துடைக்க வேண்டும், பஞ்சு இழை மாட்டினால் அங்கே வெடிப்பு இருக்கிறது. அதையும் நுனியையும் இணைப்பையும் படம் எடுத்து வைத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும், பிறகு தகராறு வந்தால் அந்தப் படங்கள்தான் பேசும்.

மிச்சம் இருப்பது 'ஃபெரூல்', துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் இடம். வளையத்தைப் பிடித்துத் திருகிப் பிரிக்கக் கூடாது என்று எழுதும் இடத்தில் இந்தச் சொல் கட்டாயம் வரும். 'செருகுவாய்' என்று எழுதிப் பார்த்தேன், உள்ளே போகும் முனையை அது சுட்டவில்லை. 'பொருத்து' என்றால் இரண்டு பக்கமும் அடங்குகிறது, ஆனால் வினைச்சொல்லாகப் படிக்கவும் இடம் இருக்கிறது. தச்சு வேலையோ குழாய் வேலையோ தெரிந்தவர்கள் இந்த மாதிரி இணைப்பைப் பட்டறையில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.