ரோசெட்டியின் சிவப்புப் புறா

லண்டனில் டேட் பிரிட்டன் ஓவியக் காட்சியகத்துக்கு நான் போனது, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் நீரில் மூழ்கிச் சாகும் ஒஃபீலியாவை ஓவியர் மிலே வரைந்த படத்தைப் பார்க்கத்தான். அந்தப் படத்துக்காகக் குளியல் தொட்டியில் படுத்துக் கிடந்தவர் எலிசபெத் சிடல். ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியது அதே பெண்ணை, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காதலி பியாட்ரிஸாக, அவர் கணவரான ஓவியர் ரோசெட்டி வரைந்த 'பியாட்டா பியாட்ரிக்ஸ்'.

ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத படம். கண்ணை மூடி, முகத்தைச் சற்றே தூக்கி, கைகளை மடியில் தளர விட்டு உட்கார்ந்திருக்கிறார். கூட வந்த தோழி, "சாமி கும்பிடுறாங்களா?" என்று கேட்டாள். முகத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். துக்கத்தை எல்லாம் சுற்றியுள்ள பொருட்களில் வைத்துவிட்டார் ரோசெட்டி.

முதலில் அந்தப் புறா. ரத்தச் சிவப்பு, தலையைச் சுற்றி ஒளிவட்டம். அலகில் வெள்ளைக் கசகசாப் பூவைக் கொண்டுவந்து அவர் கையில் போடுகிறது. அபின் கிடைப்பது அந்தச் செடியின் பாலில்தான். அபின் கலந்த லாடனம் என்ற மருந்து அளவு மீறிப் போனதால்தான் சிடல் 1862 பிப்ரவரியில் இறந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இடையில் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்திருந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது: அன்புக்கு அடையாளமான பறவை, உயிரை எடுத்த மருந்தையே ஏந்தி வருகிறது.

பின்னணியில் மங்கலாக ஒரு பக்கம் தாந்தே, எதிரில் சிவப்பு உடையில் காதல் தேவன், நடுவே ஃப்ளாரன்ஸ் நகரப் பாலம். சூரியக் கடிகாரத்தின் நிழல் ஒன்பதில் விழுகிறது. பியாட்ரிஸ் இறந்த நாளாக 1290 ஜூன் 9 படச் சட்டத்திலேயே இருக்கிறது. கூடவே பைபிளின் புலம்பல் நூலின் முதல் வரி லத்தீனில்: நகரம் தனித்து உட்கார்ந்திருக்கிறதே என்ற ஒப்பாரி.

சவப்பெட்டியில் மனைவியோடு தானே வைத்துப் புதைத்த கவிதைகளை, 1869-இல் ஹைகேட் கல்லறையைத் தோண்டி எடுக்க வைத்தவரும் இதே ரோசெட்டிதான். அப்போது இந்தப் படம் முடிந்திருக்கவில்லை. இதைச் சொன்னதும் தோழிக்குக் கோபம். "அப்புறம் என்ன காதல் வேண்டிக்கிடக்கு?" என்றாள். எனக்கு என்னவோ காதலைவிடக் குற்ற உணர்ச்சிதான் இதில் அதிகம் தெரிகிறது. சாவை வரையவில்லை, மெய்மறந்த ஒரு நிலையைத்தான் வரைந்தேன் என்ற பொருளில் அவர் கடிதம் எழுதியிருக்கிறார். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தப் பூவை எடுத்து வைத்தது அவர் கைதானே?

வாங்க ஆள் இருந்ததால் பிரதிகளும் வரைந்து கொடுத்தார். சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் உள்ள பிரதியில், தாந்தேயும் பியாட்ரிஸும் சொர்க்கத்தில் சந்திக்கும் சின்னப் படம் ஒன்று கீழே சேர்ந்திருக்கிறது. அதை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மேலே இருக்கும் முகத்தில் கொஞ்சமாவது ஆறுதல் தெரிகிறதா?