கலைச்சொல்: ‘தொனிப் பொருத்தம்’ அன்று, ‘சொற்றொனியிசைவு’

நண்பர்களுக்கு வணக்கம்.

சீனக் கவிதைகளைச் சேர்ந்திசையாக (பலர் பல குரல்களில் சேர்ந்து பாடும் இசையாக) அமைப்பது பற்றி எழுதும்போது, ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிக்கும் குரல் ஏற்றத்தாழ்வும் அச்சொல்லை ஏந்திய மெட்டின் ஏற்றத்தாழ்வும் ஒத்துப்போவதை எந்தச் சொல்லால் குறிப்பது என்ற கேள்விக்கு, இங்கே ‘தொனிப் பொருத்தம்’ முன்மொழியப்பட்டது. அதில் எனக்கு நிறைவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1957இல் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் சீனக் கவிதைகளை ஒரு குரலுக்கும் கிதாருக்குமாக அமைத்தபோது இந்தச் சிக்கலே எழவில்லை. அவர் கையாண்டவை ஆர்தர் வேலியின் ஆங்கில மொழிபெயர்ப்புகள். சீனத்திலேயே பாடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சீனத்தின் பொதுமொழியான மாண்டரினில் ‘மா’ என்பது மேலே நிலையாக நின்றால் தாய், ஏறினால் சணல், தாழ்ந்து வளைந்தால் குதிரை, விழுந்தால் திட்டுதல். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பயின்ற சீனக் கவிஞர் ஷூ ஜிமோ 1928இல் அவ்வூரிடம் விடைபெற்று எழுதிய கவிதையைப் பாருங்கள். அதன் வரிகளைப் பொறித்த கல் 2008இல் அக்கல்லூரியில் நாட்டப்பட்டது. ஆங்கில இசையமைப்பாளர் ஜான் ரட்டர் அக்கல்லூரிப் பாடகர் குழுவுக்காக அதற்கு இசையமைத்தும் இருக்கிறார். முதல் வரியில் ‘நான் போகிறேன்’ என்ற பொருளில் அடுத்தடுத்து வரும் ‘வோ’, ‘ட்ஸோ’ ஆகிய இரண்டுமே அகராதிப்படி தாழ்ந்து வளைபவை; ஆனால் சேர்ந்து வரும்போது முன்னது ஏறுமுகமாகத் திரிகிறது. நம் புணர்ச்சியில் எழுத்துக்கு நேர்வது அங்கே தொனிக்கு நேர்கிறது. ஆகவே மெட்டமைப்பவர் வரியைப் பேசச் சொல்லிக் கேட்டாக வேண்டும்.

நான்கு குரல்களுக்கு எழுதும்போது இது இன்னும் கடினமாகிறது. மேற்குரல் ஏறும்போது கீழ்க்குரல் இறங்குவதைச் சிறப்பாகக் கொள்ளும் மரபு மேற்கத்தியச் சேர்ந்திசையுடையது. எனவே ஒரே அசை ஒரே நேரத்தில் இரு திசைகளில் செல்லும், இசைவு பெரும்பாலும் ஒரு குரலில் மட்டுமே நிற்கும். மாண்டரின் பாடல்கள் இதைப் பெரிதும் பொறுத்துக்கொள்கின்றன. ஹாங்காங்கில் பேசப்படும், ஆறு தொனிகள் கொண்ட காண்டனீசில் அப்படியில்லை: ‘ஆண்டவர்’ என்ற சொல்லை மெட்டு தவறான உயரத்தில் நிறுத்தினால் ‘பன்றி’ என்று கேட்கும். ஹாங்காங்கில் பெரும்பாலும் மெட்டு முதலில் பிறக்கிறது. பாடலாசிரியர் அதன் போக்குக்கு இணங்கும் தொனியுள்ள சொற்களைத் தேடி நிரப்புகிறார். நாம் மெட்டுக்குப் பாட்டு என்று சொல்வது அங்கே இத்தனை கடுமையான கட்டுப்பாட்டுக்குள் நடக்கிறது.

இனி, சொல். தமிழில் ‘தொனி’ பேச்சின் பாவனையையும், திறனாய்வில் குறிப்புப் பொருளையும் ஏற்கெனவே சுமக்கிறது. நன்னூல் சொல்லும் எடுத்தல், படுத்தல், நலிதல் என்ற ஒலிப்பு வேறுபாடுகளிலிருந்து ‘எடுப்பு’ என்று ஆக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் இசைத்தமிழில் பல்லவிக்கே அப்பெயர் உண்டு. கர்நாடக இசையின் ஸ்வராட்சரம் வேறொன்று, அங்கே சுரத்தின் பெயரும் பாடலின் எழுத்தும் ஒன்றுகின்றன. ஆகவே தொனியைச் ‘சொற்றொனி’ என்று வரையறுத்துக்கொள்வதே நல்லது. ‘பொருத்தம்’ உண்டு அல்லது இல்லை என்று முடிந்துவிடும். ‘இசைவு’ கூடவும் குறையவும் இடம் தருகிறது, இசையையும் தன்னுள் வைத்திருக்கிறது.

சேர்ந்திசைக்குப் பதிலாகப் ‘பல்குரலிசை’ வேண்டும் என்ற கருத்தையும் ஏற்க இயலவில்லை. சேர்ந்திசைக் குழுக்களை வளர்த்த இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனின் உழைப்பால் நம் காதில் பழகிய சொல் ‘சேர்ந்திசை’. சீனத்தின் ‘ஹெச்சாங்’ என்பதும் ‘சேர்ந்து’, ‘பாடு’ என்ற இரு சொற்களால் ஆனதே.

இசைவு இல்லாத நிலைக்குச் ‘சொற்றொனிப் பிறழ்வு’ என்று எழுதலாம். ‘முரண்’ என்று எழுதத் தயங்குகிறேன். யாப்பில் முரண் தொடை ஓர் அழகு, இங்கே நிகழ்வதோ பொருள் கெடுவது.