காதைக் காட்டப் போனாலும் எடையைக் குறை என்கிறார்கள்

செந்தூல் கவி:
காது வலி என்று வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். காதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "முதலில் எடையைக் குறைங்க" என்கிறார் டாக்டர். கல்யாண வீட்டில் "என்னம்மா இப்படி ஊதிட்டே" என்று கேட்கிற அத்தைமார்களைச் சகித்துக்கொள்ளலாம், பழகிப்போச்சு. காசு கொடுத்துப் போகிற இடத்திலும் அதே பாட்டா?

பிரிக்பீல்ட்ஸ் பாலா:
அவர் பேசிய விதம் தப்பு, சரி. அதற்காக "என் உடம்பு, என் அழகு" என்று கிளம்பிவிடாதே தங்கச்சி. 2023 தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசியப் பெரியவர்களில் 54.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள், 15.6 சதவீதம் பேருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, அதில் நம் இந்திய இனம்தான் முன்வரிசை. ராத்திரி 11 மணிக்கு மாமாக் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், இனிப்புப் பால் டீயான தே தாரிக். டின் பானத்துக்கு 2019ல் சீனி வரி போட்டார்கள், கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு யார் போடுவது? யாராவது முகத்துக்கு நேரே சொன்னால்தான் நமக்கு உறைக்கும்.

செந்தூல் கவி:
உறைக்கிறதா? என் சித்தி, திட்டு வாங்க வேண்டுமே என்றே ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறார். நீங்கள் சொல்கிற இனிப்புநீர் அங்கேதான் சத்தமில்லாமல் வளரும், அண்ணே.

ஜெலுத்தோங் ஜெயா:
நான் பினாங்கில் தாதி. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கை 1830களில் போட்டவர் கெட்டலே என்ற பெல்ஜியக்காரர், நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் டாக்டர் இல்லை, மக்கள் கூட்டத்தின் சராசரியைத் தேடிய கணிதக்காரர். உடனே பிஎம்ஐ பொய் என்று குதிக்க வேண்டாம், ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்காமல் 23லேயே ஆபத்து கூடுகிறது என்று 2004ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. நம் ஆட்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்தான் போய்ச் சேருகிறது. கை கால் குச்சி மாதிரி, தொப்பைக்குக் கீழே கால்சட்டை இறங்கிக்கொண்டே இருக்கும் அங்கிள்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்களை யாரும் கிண்டல் செய்வதில்லை, பரிசோதிக்கச் சொல்வதும் இல்லை. இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்குள் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். பாலா அண்ணே, நீங்களும்தான்.

பிரிக்பீல்ட்ஸ் பாலா:
என் இடுப்பை விடு. குறைத்தால் நல்லதா இல்லையா, அதைச் சொல்லு.

ஜெலுத்தோங் ஜெயா:
நல்லதுதான். 2002ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இனிப்புநீர் எல்லையில் நின்றவர்களுக்கு வைத்த இலக்கு 7 சதவீத எடையைக் குறைப்பதும் வாரம் 150 நிமிட நடையும் மட்டுமே. அந்த வழியில் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 90 கிலோ ஆளுக்கு அது 6 கிலோ சொச்சம். அத்தை கண்ணுக்கு அவர் அப்போதும் குண்டுதான்! அங்கே ஒவ்வொருவருக்கும் கூட இருந்து சொல்லித்தர ஒரு ஆள் இருந்தார், திட்டித் துரத்தவில்லை.

செந்தூல் கவி:
அப்படி ஒரு ஆள் இருந்தால் சித்தி நாளைக்கே வருவார்.

ஜெலுத்தோங் ஜெயா:
முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போ, 1 ரிங்கிட்தான். உள்ளே நீயும் கூடவே உட்கார்.

பிரிக்பீல்ட்ஸ் பாலா:
அந்த 1 ரிங்கிட்டுக்கு விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுக்கணும், அதையும் சேர்த்துச் சொல்லு.