கோஷர் முகாமில் சைவச் சாப்பாடு: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் யூதப் பிள்ளைகளுக்கான கோடைத் தலைமைப் பயிற்சி முகாம் ஒன்றில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை, வந்து ஒன்பது நாள் ஆகிறது. பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். காலைப் பிரார்த்தனை, கூட்டம் நடத்துவது, தேர்தலில் நின்று பேசுவது என்று எல்லாவற்றையும் அவர்களே செய்கிறார்கள், பெரியவர்கள் ஓரமாக உட்கார்ந்திருப்பதோடு சரி. சாப்பிட்டு முடித்ததும் மேஜையைத் தட்டித் தட்டி நன்றிப் பாட்டுப் பாடுவார்கள் பாருங்கள், தட்டில் கரண்டி துள்ளும்!

என் பிரச்சினை வயிறு. நான் சைவம். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி சமைக்கும்போது இறைச்சியும் பாலும் சேரவே கூடாது, பாத்திரம்கூடத் தனித்தனி, அதனால் கோழி போடும் வேளையில் தயிர், மோர், வெண்ணெய் எதுவும் கண்ணில் படாது. வெறும் சோறும் வேகவைத்த பீன்ஸும் எத்தனை நாள் இறங்கும்? வெளியிலிருந்து எது வந்தாலும் கோஷர் முத்திரை வேண்டுமாம். வட்டத்துக்குள் யூ எழுத்து போட்ட ஊறுகாய், பருப்புப்பொடி எதையாவது அமெரிக்காவில் நம் கடைகளில் பார்த்திருக்கிறீர்களா? எந்த பிராண்ட் என்று சொன்னால் போதும்.

இன்னொரு சந்தேகம். சனி இரவு நட்சத்திரம் தெரிந்ததும் சபாத் என்ற யூதர்களின் வார ஓய்வு நாளை முடித்துவைக்கும் ஹவ்தாலா சடங்கு நடந்தது. பின்னல் போட்ட மெழுகுவத்தியை ஏற்றி, கிராம்பும் பட்டையும் போட்ட டப்பாவை ஆளுக்கு ஆள் கைமாற்றி முகர்ந்தார்கள். என்னிடமும் வந்தது, அம்மா வைக்கும் குருமா வாசனை, நானும் முகர்ந்துவிட்டேன். யூதர் அல்லாதவர் அப்படிச் செய்யலாமா? தெரிந்தவர்கள் வரும் வெள்ளிக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை இங்கே போனைத் தொட முடியாது.